அனுராதா இருந்த பதினொரு வாரம்

கல்கத்தாவை அடுத்த சாந்த்ராகாச்சி ரயில்வே காலனியில் மாணிக்கத்தின் மகள் அனுராதாவைத் தெரியாதவர்கள் ஒரு காலத்தில் கிடையாது. காலை ஐந்து மணிக்கு யார்டை ஒட்டிய மண் ரோட்டில் ஒரு பெண் மூச்சிரைக்க ஓடினால் அது அவள்தான். முதுகில் பை, பைக்குள் இரண்டு செங்கல். பால் வாங்கப் போகிற பெண்கள் ஒதுங்கி நின்று வழிவிடுவார்கள். மாணிக்கம் யார்டில் ரயில் பெட்டிகளுக்கு அடியில் படுத்து பிரேக் பார்க்கிற வேலையில் இருந்தார். அவருடைய தாத்தா அரக்கோணத்திலிருந்து ரயில்வேயோடு வந்தவர். வீட்டில் தமிழ், வாசலில் வங்காளம், யார்டில் இந்தி என்று மூன்று மொழியிலும் குறைவாகப் பேசுகிற மனிதர். பேச்செல்லாம் அவர் மனைவி வசந்திக்குத்தான்.

கல்லூரியில் அனுராதா இயற்பியல் படித்தாள். ஆனால் அங்கே அவள் பெயர் இயற்பியலால் பரவவில்லை. என்.சி.சி.யில் அவள்தான் தலைவி. குரல் மைதானத்தின் மறுகோடிவரை போகும். அவளிடம் யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

அவள் மூன்றாம் வருஷம் படிக்கும்போது முதல் வருஷத்தில் ஹம்சினி வந்து சேர்ந்தாள். டாலிகஞ்சில் சொந்த வீடு. அப்பா அனந்தகிருஷ்ணன் வங்கியில் பெரிய அதிகாரி. நான்கு தலைமுறையாகக் கல்கத்தாவில் இருக்கிற குடும்பம். என்.சி.சி.யில் தமிழ் பேசத் தெரிந்தவர்கள் இவர்கள் இரண்டு பேர்தான். அதனால் ஹம்சினி முதல் நாளே "அக்கா, அக்கா" என்று ஒட்டிக்கொண்டாள்.

ஏப்ரல் வெயிலில் ஒருநாள் அணிவகுப்பு நடந்துகொண்டிருந்தபோது ஹம்சினி அப்படியே மடிந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, தலை சுத்தறது. கண்ணெல்லாம் இருட்டிண்டு வரது."

அனுராதா குனிந்து பார்த்தாள். வெளுத்த கை, வெள்ளிச் சங்கிலி, புது ஷூ. "நடிக்காத. எழுந்திரு" என்றாள். துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மைதானத்தை மூன்று சுற்று ஓடச் சொன்னாள். மூன்றாவது சுற்று முடிவில் ஹம்சினி புல்லில் வாந்தி எடுத்தாள். அனுராதா பக்கத்தில் போய், மற்றவர்களுக்குப் புரியாதபடி தமிழிலேயே சொன்னாள்: "உங்க டாலிகஞ்ச்ல சினிமா ஸ்டுடியோ நெறைய இருக்குது இல்ல? நடிக்கணும்னா அங்க போ."

ஹம்சினி என்.சி.சி.யை விட்டுவிடுவாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். மறுநாள் காலை வரிசையில் முதல் ஆளாக நின்றாள். 'நான் செதுக்கிய பெண்' என்று அனுராதா பிறகு பலரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டாள்.

பட்டம் வாங்கியதும் ராணுவ அதிகாரித் தேர்வு எழுதினாள். எழுத்துத் தேர்வு அவளுக்கு ஒன்றுமில்லை. அதற்குப் பின் வரும் ஐந்து நாள் நேர்முகத் தேர்வுதான் அவளை இரண்டு முறை திருப்பி அனுப்பியது. ஐந்தாம் நாள் எல்லோரையும் நிற்கவைத்துத் தேர்வானவர்களின் எண்ணை மட்டும் படிப்பார்கள். மற்றவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போக வேண்டியதுதான். இரண்டு முறையும் ஊர் திரும்பி மறுநாள் காலை செங்கல் பையோடு ஓடினாள். நடுவில் சும்மா இருக்கக் கூடாது என்று எம்.எஸ்ஸி. சேர்ந்தாள்.

அப்போதுதான் ஹம்சினி போன் செய்தாள். கடைசி வருஷம் படிக்கும்போதே எழுதினாளாம். முதல் முறையிலேயே தேர்வாகிவிட்டாளாம். "எல்லாம் உங்களாலதான் அக்கா" என்றாள். அனுராதா வாழ்த்துச் சொன்னாள். பிறகு இரண்டு நாள் வகுப்புக்குப் போகாமல் வீட்டில் கிடந்தாள்.

மூன்றாம் முறை அவள் எண்ணையும் படித்தார்கள். அகாடமியில் சேர வேண்டிய நாளும் எம்.எஸ்ஸி. கடைசித் தேர்வும் ஒரே வாரத்தில் வந்தன. இரண்டு பேப்பர்தான் பாக்கி, ஆறு மாதம் கழித்துப் போகக் கூடாதா என்று பேராசிரியை கேட்டார். ஆறு மாதம் கழித்து இடம் இருக்கும் என்று யார் சொன்னது? இருபத்து நான்கு வயதில் அனுராதா இரண்டு பேப்பரைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கிளம்பினாள். காலனி கிளப்காரர்கள் அவள் படம் போட்ட பேனர் கட்டி, மாலை போட்டு, ரசகுல்லா ஊட்டினார்கள். பெண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லையா என்று கேட்டவர்கள் வீட்டுக்கெல்லாம் வசந்தி தானே நேரில் போய் இனிப்புக் கொடுத்துவிட்டு வந்தாள்.

அகாடமி எந்த ஊரில் என்பது இந்தக் கதைக்கு வேண்டியதில்லை. போய்ச் சேர்ந்த மாலையில் புதிய பெண்கள் முப்பது பேரையும் சரளைக்கல் முற்றத்தில் நிறுத்தினார்கள். எதிரில் ஆறு மாதம் முன்னால் சேர்ந்த சீனியர்கள். அவர்களில் ஒருத்தி ஹம்சினி. முடி ஒட்ட வெட்டியிருந்தது. முகம் கறுத்து, தாடை இறுகியிருந்தது. அனுராதாவுக்கு ஊரையே பார்த்தாற்போல் இருந்தது. "ஹம்சினி!" என்று வாய்விட்டுக் கூப்பிட்டுவிட்டாள்.

ஹம்சினி மெதுவாக நடந்து வந்தாள்.

"இங்கே என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட நீ யார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். "மேடம். சொல்லு."

"மேடம்."

"உருளு."

முற்றத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அனுராதா சரளைக்கல்லில் உருண்டாள். முழங்கை உரிந்தது. முதல் நாள், எல்லோர் முன்னாலும் அப்படித்தான் இருக்க வேண்டும், நாளைக்குத் தனியாகப் பார்த்துச் சிரிப்பாள் என்று நினைத்துக்கொண்டாள்.

ஹம்சினி சிரிக்கவில்லை. பத்து நிமிஷத்தில் ஆறு முறை உடை மாற்றி வந்து நிற்கச் சொன்னாள். நிறைந்த வாளியைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னாள். சாப்பாட்டு மேஜையில் அனுராதா முதல் கவளத்தை வாயில் வைக்கும்போது பெயர் சொல்லி அழைத்தாள். சொந்த ஊர்க்காரிக்கே சலுகை காட்டாதவள் என்று மற்ற சீனியர்கள் அவளை மெச்சினார்கள். அனுராதாவோடு சேர்ந்தவர்களில் பலருக்கு இருபது, இருபத்தொரு வயது. எம்.எஸ்ஸி.வரை படித்தவள் என்று தெரிந்ததும் அவளுக்கு 'ஆன்ட்டி' என்று பெயர் வைத்தார்கள். ஓட்டத்தில் அவள் முதல் ஐந்து பேருக்குள் வந்தவரை அந்தப் பெயர் வேடிக்கையாக இருந்தது.

ஏழாவது வாரம் வலி வந்தது. தொடை இடுப்போடு சேரும் இடத்தில், சதைக்கும் கீழே, ஆழத்தில். முதலில் ஓடும்போது மட்டும் வலித்தது. பிறகு நடக்கும்போது. பிறகு படுக்கையில் புரளும்போது. மருத்துவரிடம் போனால் ஓய்வு எழுதிக்கொடுப்பார். ஓய்வு நாட்கள் கூடினால் பயிற்சி கணக்கில் வராது. ஆறு மாதம் பின்னால் தள்ளிவிடுவார்கள். அப்படித் தள்ளப்பட்ட ஒரு பெண் அங்கே இருந்தாள். அவளோடு யாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் போன் பேசலாம். அனுராதா வசந்தியிடம் சொன்னாள்.

"அம்மா, இடுப்புல ரொம்ப வலி. காலை ஊனவே முடியல."

"மொதல்ல அப்படித்தான் இருக்கும். எண்ணெ தேய்ச்சிக்க."

"இது அந்த வலி இல்லம்மா. ஆஸ்பத்திரிக்குப் போனா ஆறு மாசம் பின்னாடி போட்ருவாங்க."

"அனு, ஊரு பூரா சொல்லி வச்சிருக்கேன்" என்றாள் வசந்தி. "பேனர் இன்னும் அவுக்கல. பல்லைக் கடிச்சிக்கினு இருந்துடு. பாதியில திரும்பி மட்டும் வந்துடாத. நான் வெளிய தலை காட்ட முடியாது."

அனுராதா பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் இரண்டு வாரம் ஓடினாள். பத்தாம் வார முடிவில், சுமையோடு பத்து கிலோமீட்டர் ஓட்டத்துக்கு இரண்டு நாள் இருக்கையில், அவளால் படி இறங்க முடியவில்லை. கைப்பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில் இறங்கினாள். அன்று மாலை வராந்தாவில் ஹம்சினியை நிறுத்தினாள். பக்கத்தில் அனுராதாவின் அறைத்தோழியான பஞ்சாபிப் பெண் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள். அனுராதா தமிழில் பேசினாள்.

"ஹம்சினி, சத்தியமா முடியலடி. எலும்புல என்னமோ ஆயிடுச்சு. நாளன்னிக்கு ஓட்டத்துலேர்ந்து எடுக்கச் சொல்லு. நீ சொன்னா கேப்பாங்க. நானா சொன்னா டிமிக்கி குடுக்கறேன்னுவாங்க."

ஹம்சினி அவள் காலைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். பத்து வாரத்தில் முதல் முறையாகத் தமிழில் பேசினாள். குரல் மிகவும் மரியாதையாக இருந்தது.

"நடிக்கணும்னா எங்க போகணும்னு நீங்கதானே அக்கா அன்னிக்குச் சொன்னேள்?"

சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஓட்டத்தில் ஏழாவது கிலோமீட்டரில் அனுராதா விழுந்தாள். உள்ளே ஏதோ நெரிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. பாதை ஓரத்தில் நேரம் பார்த்துக் குறித்துக்கொண்டிருந்த சீனியர்களில் ஹம்சினியும் இருந்தாள். "எழுந்திரு!" என்று கத்தினாள். அனுராதா எழுந்தாள். அதுதான் அவள் வாழ்க்கையில் செய்த பெரிய தவறு. எலும்பில் அதுவரை இருந்தது ஒரு விரிசல். அந்தக் காலை ஊன்றி நின்றபோதுதான் இரண்டாகப் பிரிந்து நகர்ந்தது. இதை அறுவை செய்த மருத்துவர் பிறகு படத்தில் விரல் வைத்துக் காட்டினார். கீழேயே கிடந்திருந்தால் மூன்று மாதத்தில் கூடியிருக்கும் என்றார். அவர் நல்ல மனிதர். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மாணிக்கம் ரயில்வே பாஸ் எழுதி வாங்கி இரண்டு நாள் ரயிலில் வந்தார். மகள் கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். இனி அவள் படைக்கு ஆகமாட்டாள் என்று மருத்துவக் குழு எழுதியதும், கொடுத்த பொருட்களைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு தாளை நீட்டினார்கள். அவர் அவளுடைய கறுப்பு இரும்புப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக வெளியே வைத்தார்.

"அனு, இந்த பூட்ஸு நம்மளுதா, அவங்களுதா?"

"அவங்களுது."

"இந்தக் கம்பளி?"

"அதும் அவங்களுதுதான்."

கடைசியில் பெட்டியில் இரண்டு சுடிதாரும் ஒரு இயற்பியல் புத்தகமும் மிஞ்சின.

விசாரணை நடந்தது. காயம் பயிற்சியால் வந்ததா, அல்லது அவளாகவே வலியை மறைத்துவைத்ததால் வந்ததா என்பதுதான் கேள்வி. பயிற்சியால் வந்தது என்று எழுதினால் அவளுக்கு ஒரு சான்று உண்டு. அதை வைத்து வேறு அரசு வேலைக்காவது கதவு தட்டலாம். வலியைப் பற்றி யாரிடமாவது சொன்னாயா என்று கேட்டார்கள். அம்மாவிடம் சொன்னதை அவள் சொல்லவில்லை. சீனியரிடம் சொன்னேன் என்றாள்.

ஹம்சினியைக் கூப்பிட்டார்கள். அவள் அதிகாரியாகித் தோளில் நட்சத்திரம் குத்திக்கொள்ள மூன்று வாரம் இருந்தது. அந்த மாலை அனுராதா தன்னோடு பேசியது உண்மை, ஆனால் ஊர் விஷயம்தான் பேசினாள், வலி பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பஞ்சாபிப் பெண்ணைக் கேட்டார்கள். அவள் நேர்மையானவள். "இரண்டு பேரும் பேசியதைக் கேட்டேன். தங்கள் பாஷையில் பேசினார்கள். எனக்கு எதுவும் புரியவில்லை" என்றாள்.

மறைத்துவைத்தது அவள் தவறே என்று தீர்ப்பானது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த நாட்களில் அனுராதாவுக்கு ஹம்சினி மேல் வந்த ஆத்திரத்தை முழுதாக ஆத்திரமாக வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. ஏப்ரல் வெயிலில் புல்லில் உட்கார்ந்திருந்தவளைத் தானும் நம்பவில்லை என்பது குறுக்கே வந்து நின்றது. ஆனால் அவள் மூன்று சுற்று ஓடி எழுந்துவிட்டாளே, என் எலும்பு போய்விட்டதே என்று தன்னோடே வழக்காடிக்கொண்டிருந்தாள்.

சாந்த்ராகாச்சிக்கு இரண்டு கக்கத்திலும் தாங்குகட்டையோடு வந்து இறங்கினாள். பேனரைக் கிளப்காரர்கள் முந்தின நாளே நாகரிகமாக அவிழ்த்துவிட்டிருந்தார்கள். "லீவுல வந்திருக்கா, சின்ன அடி" என்று வசந்தி எதிர்வீட்டு வங்காளி அம்மாளிடம் வங்காளத்தில் சொன்னது உள்ளே கேட்டது. ஒரு மாதம்வரை லீவு என்றே சொன்னாள். பிறகு யாரும் கேட்கவில்லை.

இடது கால் ஒன்றரை அங்குலம் குட்டையாகிவிட்டது. ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்து, எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது அனுராதா கத்தினாள்.

"அன்னிக்கே உன்கிட்ட சொன்னேனேம்மா! போன்ல சொன்னேனே!"

வசந்தி அவளைத் தூக்கி உட்காரவைத்தாள். துண்டால் தலையைத் துடைத்தாள். "என்ன சொன்ன?" என்றாள். "ஏதோ உடம்பு வலின்னுதான் சொன்ன. இவ்ளோன்னு எங்க சொன்ன? தெரிஞ்சிருந்தா நான் விட்ருப்பேனா?"

அனுராதா அவள் முகத்தையே பார்த்தாள். அம்மா பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நடந்தது என்று அவள் உண்மையாகவே நம்பத் தொடங்கியிருந்தாள். வெளி அறையில் மாணிக்கம் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

பல்கலைக்கழகத்தில் அவள் பதிவு காலாவதியாகிவிட்டது என்றார்கள். இரண்டு பேப்பருக்காக மறுபடி முதலிலிருந்து சேர வேண்டும். கல்கத்தா கரியாஹாட்டில் ஒரு பெரிய புடவைக்கடையில் பில் போடும் இடத்துக்கு ஆள் எடுத்தார்கள். உட்கார்ந்து செய்கிற வேலை என்பதால் போய்ச் சேர்ந்தாள். தினம் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி ஒன்றரை மணி நேரம் பஸ். 'மாற்றுத் திறனாளி' சீட்டில் உட்கார்ந்தால், வயசுப் பெண் இங்கே ஏன் உட்கார்ந்திருக்கிறாள் என்று யாராவது ஒருவர் கேட்பார். எழுந்து நடந்து காட்டுவதைவிட நின்றுகொண்டே போவது மேல் என்று பல நாள் நின்றே போனாள்.

இரண்டு வருஷம் கழித்து, ஒரு ஜனவரிப் பிற்பகலில், கல்யாணப் புடவைகள் ஒரு கட்டாக அவள் மேஜைக்கு வந்தன. பின்னாலேயே தமிழ்ப் பேச்சு. நிமிர்ந்தாள். ஹம்சினியும் அவள் அம்மா நாகலக்ஷ்மியும்.

ஹம்சினி பார்த்த இடத்திலேயே நின்றுவிட்டாள். நாகலக்ஷ்மி மேஜையில் இருந்த பெயர்ப்பலகையைப் படித்துவிட்டுச் சந்தோஷமாகக் கேட்டாள்: "அனுராதா மாணிக்கம்னா தமிழா நீ? எந்தப் பக்கம்?"

"சாந்த்ராகாச்சி."

நாகலக்ஷ்மியின் முகம் மாறியது. மகள் பக்கம் திரும்பி, மறைக்காத குரலிலேயே சொன்னாள்: "ஏண்டி, இவதானா அது? ட்ரெய்னிங் தாங்காம, காலை ஏதோ பண்ணிண்டு, பழியை உன்மேல போடப் பார்த்தாளே, அந்தப் பொண்ணு?"

ஹம்சினி ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஒரு பட்டுப் புடவையின் ஜரிகையை நகத்தால் நெருடிக்கொண்டிருந்தாள். அனுராதா பில்லைப் போட்டு முடித்தாள். பைகளை மேஜைக்கு மேலாகவே நீட்டியிருக்கலாம். எழுந்து, மேஜையைச் சுற்றி, ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து நடந்து வந்து, நாகலக்ஷ்மியின் கையில் கொடுத்தாள். அந்த அம்மாள் காலைப் பார்த்தாள். கையில் பையை வாங்கிக்கொண்டு வேறெங்கோ பார்த்தாள்.

மூன்றாம் நாள் ஹம்சினி தனியாக வந்தாள். மதிய உணவு நேரம். கடைக்குப் பின்னால் அட்டைப்பெட்டிகள் அடுக்கிய சந்தில் இரண்டு பேரும் நின்றார்கள்.

"நெஜமாவே நீங்க நடிக்கறேள்னுதான் நெனச்சேன் அக்கா."

"சரி. விசாரணையில?"

ஹம்சினி அழுதாள். "பயம். மூணு வாரம்தான் இருந்தது. எல்லாம் போயிடும்னு பயம்." கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "இப்ப நான் எழுதித் தரேன். நீங்க சொன்னேள், நான் கேக்கலைன்னு. அதை வச்சு நீங்க மேல்முறையீடு பண்ணலாம். எனக்கு என்ன ஆனாலும் ஆகட்டும்."

"எப்போ?"

"கல்யாணம் முடியட்டும் அக்கா. பிப்ரவரி பத்தொம்பது. முடிஞ்சதும் மொத வேலை அதுதான்."

இரண்டு வருஷத்தில் யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை. அனுராதா நம்பினாள். மேல்முறையீட்டுக்கு வேண்டிய தாள்களை எல்லாம் எடுத்து ஒரு கோப்பில் வைத்தாள். மாணிக்கத்திடம் சொன்னாள். அவர் அன்று யார்டிலிருந்து வரும்போது அவளுக்குப் பிடித்த மிஷ்டி தோய் என்கிற இனிப்புத் தயிர் ஒரு சட்டி வாங்கி வந்தார்.

பிப்ரவரி முடிந்தது. மார்ச் முதல் வாரம் அனுராதா செய்தி அனுப்பினாள். 'இந்த வாரம் அனுப்பறேன் அக்கா' என்று பதில் வந்தது. அடுத்த செய்திக்கு, கணவரோடு பேசிக்கொண்டிருப்பதாகப் பதில். கணவரும் ராணுவ அதிகாரி. ஏப்ரலில் அனுப்பிய மூன்று செய்திகளுக்கும் ஒற்றை டிக்தான் விழுந்தது. போன் செய்தால் ஒரே ஒரு மணி அடித்து அறுந்துபோனது. சக ஊழியையின் போனிலிருந்து கூப்பிட்டாள். ஹம்சினி எடுத்தாள். "ஹலோ? யாரு?" என்று நல்ல குரலில் கேட்டாள். "நான்தான்" என்றதும் வைத்துவிட்டாள். பிறகு அந்த எண்ணிலிருந்தும் அழைப்புப் போகவில்லை.

அந்தக் கடிதம் இல்லாமலே அனுராதா மேல்முறையீடு அனுப்பினாள். எட்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. புதிய சாட்சியம் எதுவும் இல்லை என்பதால் பரிசீலிக்க இயலாது என்று இரண்டு வரி. மாணிக்கம் அதைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டார். கேட்டுவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு டியூட்டிக்குப் போனார்.

இப்போது அவளுக்கு இருபத்தெட்டு வயது. நாற்பதுக்குள் இடுப்பு மூட்டையே மாற்ற வேண்டிவரும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். பூஜைப் பண்டிகை விற்பனை நாட்களில் கடையில் மூச்சுவிட இடமிருக்காது. நாற்காலி தாழ்வாக இருப்பதால் நாளெல்லாம் குத்துகிறது, உயரமானதாக ஒன்று வேண்டும் என்று கடை முதலாளியிடம் கேட்டாள். பார்க்கலாம் என்றார். அதோடு இன்னொன்றும் சொன்னார், குரலைத் தாழ்த்தி, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்ற பீடிகையோடு. கல்யாணப் புடவை வாங்க வருகிறவர்கள் சகுனம் பார்ப்பார்கள். வாடிக்கையாளர் இருக்கும் நேரத்தில் அவள் எழுந்து நடக்காமல் இருந்தால் நல்லது.

அனுராதா சரி என்று தலையாட்டினாள். அன்றிலிருந்து காலை பத்து மணிக்குக் கடை திறக்குமுன் போய் உட்கார்ந்துவிடுகிறாள். தண்ணீர் அதிகம் குடிப்பதில்லை.